துலாக்கோலும் கொக்கோ உழவரும்

சாக்கலேட்டு என்னும் இனிப்புப் பண்டத்தைச் சுவைத்தறியாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரேனும் இரார். அதன்மேற் சுற்றிய பளபளப்பான தாளைப் பிரிக்கும் விரைவில், அதற்கு முதலாகிய கொக்கோக் கொட்டை எந்நாட்டில் விளைந்தது, அதனை விளைவித்தவன் யாவன், அவனுக்குக் கிடைத்த விலை யாது என்று வினவுவார் மிகச் சிலரே. யாமும் அண்மைக் காலம்வரை அங்ஙனம் வினவாதாருள் ஒருவராகவே இருந்தோம். பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவரோடு, மக்கள் கூடி நடத்தும் சங்கங்களின் ஆட்சிமுறையைப் பற்றி ஒருநாள் உரையாடிக்கொண்டிருந்தபோது, அவர், "ஆப்பிரிக்க மக்களுக்குச் சங்கம் அமைத்தலும் வாணிகம் நடத்துதலும் ஐரோப்பியர் கற்பித்தனவே" என்று உறுதியாகக் கூறினார். அவ்வுரை மெய்தானோ என்று ஆராயப் புகுந்து, நூல்நிலையத்திற் சில வாரங்கள் கழித்ததன் பயனே இக்கட்டுரை. நண்பர் கூற்று மெய்யன்று என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். ஆயின் அதனை மறுக்கப் புகுந்த யாம், தராசு யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வேறொரு வினாவிற் சிக்கிக்கொண்டோம்.

மேற்கு ஆப்பிரிக்காவிற் கினி வளைகுடாவை அடுத்துள்ள கானா நாடு, 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் விடுதலை பெறுங்காறும், ஆங்கிலேயரால் பொற்கரை நாடு என்னும் பொருள்படும் பெயரால் வழங்கப்பெற்றது. கொக்கோ அந்நாட்டிற்கு உரிய மரமன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தேறியது. அக்குவாப்பிம் மலைத்தொடரில் அக்ரொபோங் என்னும் ஊரிற் பணியாற்றிய பாசல் மிஷனார் 1850-களின் பிற்பகுதியில் அதனைப் பயிரிட்டுப் பார்த்தனர், அம்முயற்சி பரவவில்லை. (மங்களூரில் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவி, நம் நாட்டு வீடுகளுக்கு 'மங்களூர் ஓடு' என்னும் கூரையைத் தந்தவரும் இம்மிஷனாரே என்பது ஈண்டு நினைவிற்கு வருகின்றது.) அவர்தம் தொழிற்பட்டறையிற் கொல்வேலை பயின்றவர் டெட்டே குவார்ஷி என்பவர். இவர் பெர்னாண்டோ போ தீவிற்குச் சென்று சில ஆண்டுகள் உழைத்து மீண்டபொழுது கொக்கோ வித்துக்களைக் கொணர்ந்து, 1879-ஐ ஒட்டி மாம்போங் என்னும் மலையூரில் நட்டார் என்பர். மரம் காய்த்தது, அயலார் வித்து வாங்கிச் சென்றனர். அரசினரும் அபுரி என்னுமிடத்தில் 1890-இல் அமைத்த தாவரத் தோட்டத்தினின்று நாற்றுக்கள் வழங்கினர். 1891-இல் அந்நாட்டினின்று ஏற்றுமதியான கொக்கோ 80 இராத்தல். ஒரு சிறுவன் இருமுறை சுமந்து செல்லத்தக்க அளவே. 1911-இல் அது ஏறத்தாழ 40,000 டன்னாகி, உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைக்கும் நாடு என்னும் பெயரைப் பொற்கரைக்கு ஈட்டித் தந்தது.

இருபதே ஆண்டில் நிகழ்ந்த இவ்வளர்ச்சியை நிகழ்த்தியவர் தோட்ட முதலாளிகளாகிய வெள்ளையர் அல்லர். அக்குவாப்பிம் மலைமுகட்டில் வாழ்ந்த உழவரே அதனைச் செய்தனர். அவர்க்கு மலைமேல் நிலம் போதவில்லை. பனையெண்ணெயும் இரப்பரும் விற்றுச் சேர்த்த பணம் ஓரளவு கையில் இருந்தது. டென்சு ஆற்றிற்கு மேற்கே அக்கிம் நாட்டுத் தலைவரிடம் ஆளரவமற்ற பெருங்காடுகள் கிடந்தன. ஆனால் தலைவர் பெருநிலப்பரப்பையன்றிச் சிறு துண்டுகளை விற்பதில்லை. தனியொருவர் அதனை வாங்கவும் இயலாது. ஆதலின் உழவர் பலர் கூடிக் 'கம்பெனி' என்று தாம் அழைத்த ஒரு குழுவை அமைத்தனர். பெயர் ஆங்கிலமேயன்றி முறை அவருடையது. குழுவிற்குத் தலைவர் ஒருவர். அவர் நிலத்திற்கு விலை பேசுவார், பணம் திரட்டுவார். வாங்கிய காட்டின் ஒரு புறத்தே ஆறோ பாதையோ அடிக்கோடாக அமைய, அதன்மேற் கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொருவர்க்கும் அவரவர் கொடுத்த பணத்திற்கேற்ற அகலமுள்ள நீண்ட வார்நிலத்தைப் பிரித்தளிப்பர். பிரித்தபின் அவரவர் நிலத்தில் அவரவரே அரசர். கூட்டுப் பயிர் என்பது இல்லை. குரோபோ மக்கள் 'ஹூசா' என்று வழங்கிய இத்தகைய முறையைப் பனைத்தோப்பு நாளிலேயே அறிந்திருந்தனர்.

போலி ஹில் என்னும் ஆங்கில மாதரசி 1963-இல் வெளியிட்ட நூலொன்றில் இக்குழுக்களின் வரலாற்றை ஊர் ஊராகச் சென்று, நிலப்படம் பார்த்து, முதியோரை வினவி எழுதியுள்ளார். (இவர் பொருளாதார அறிஞர் கேன்ஸ் என்பாரின் உடன்பிறந்தாள் மகள், மாமனாரைப்போற் கோட்பாட்டில் நில்லாது புழுதியில் நடந்தவர்.) அதுவரை கற்றோர் பலரும், ஆப்பிரிக்க உழவன் தன் குடிசையைச் சூழத் தற்செயலாய்ச் சில மரம் நட்டான், அவை காய்த்தன, அவன் செல்வனானான் என்றே எண்ணியிருந்தனர். ஹில் அம்மையார் காட்டிய உழவனோ, ஒரு நிலத்தின் ஊதியத்தைக்கொண்டு அடுத்த நிலத்தை வாங்கி, அதன் ஊதியத்தால் மூன்றாவதை நோக்கி மேற்கே செல்லும் முதலீட்டாளன். விளைவைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல அரசினர் பாலம் அமைக்கும்வரை அவன் காத்திருக்கவுமில்லை. தாங்களே பணம் சேர்த்து, ஒப்பந்தக்காரரை அமர்த்தி, ஆற்றிற்குப் பாலமும் லாரி செல்லப் பாதையும் அமைத்த உழவர் குழுக்கள் உண்டு. நண்பர்க்கு விடையாக இவ்வொரு செய்தியே போதும் என்று யாம் அன்று மகிழ்ந்தோம்.

கொக்கோ வேலை கடினமானது. முற்றிய காய்களை வெட்டரிவாளாற் கொய்து பிளந்து, வழுவழுப்பான வெண்சதையோடு கூடிய கொட்டைகளை வாழையிலையிற் குவித்து மூடி ஆறு நாள் அளவும் புளிக்கவிடுவர். பின்னர்க் கால்நட்டு உயர்த்திய பாய்களிற் பரப்பி வெயிலிற் காயவைத்து, நாள்தோறும் புரட்டி, மழை வரின் ஓடிச் சுருட்டுவர். நில உடைமையாளர் பலர் இவ்வேலையை வாரத்தாட்களிடம் விடுவதுண்டு. 'அபுசா' என்னும் அம்முறையில் விளைவு மூன்று கூறாகும். ஒரு கூறு உழைப்பவனுக்கு. அக்கூறு பெறுவோர் பெரும்பாலும் வடபுலத்தினின்றும் அயல்நாட்டினின்றும் வந்த ஏழைகள். 'கொக்கோ உழவர் சங்கம்' என்று இனி யாம் கூறுமிடமெல்லாம், அச்சங்கத்தின் புறத்தே இம்மூன்றிலொரு கூற்றினரும் நின்றனர் என்பதை வாசகர் மறவாதிருத்தல் நலம்.

இனித் தராசிற்கு வருவோம். காய்ந்த கொட்டையை வாங்க வரும் தரகன் தராசொன்றைக் கொண்டு வருவான். தராசு அவனுடையது, எடைக்கல் அவனுடையது, கணக்கெழுதும் கோலும் அவனுடையதே. அக்காலத்தில் விலை பேசிய அளவு 'தலைச்சுமை' என்னும் 60 இராத்தல். உழவன் கொடுத்தது 65 ஆயினும் தரகன் 60 என்று கூறின், எழுத்தறியாதவன் யாது செய்வான்? முன்பணமும் தரகனிடமே பெற்றிருப்பான். வாய்திறப்பின் அடுத்த ஆண்டு கடன் கிடையாது. எம் பாட்டனார் தம் இளமையிற் புளி விற்கச் சென்ற கதையைச் சொல்லும்போதெல்லாம், வியாபாரி தராசின் முள்ளைத் தன் பெருவிரலால் மறைத்துக்கொண்டு நிறுப்பதை நடித்துக் காட்டுவார், யாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார். வள்ளுவனார் நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலை எடுத்தது அணி நயம் பற்றியே என்று வகுப்பிற் குறிப்பெழுதினோம். பாட்டனாரை நினைக்கின், அது சந்தையில் நின்று கண்டறிந்ததோ என்று தோன்றுகின்றது.

தரகனுக்கு மேலே கப்பலேற்றும் ஐரோப்பியக் கம்பெனிகள் இருந்தன. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்ந்திருந்த விலை அவ்வாண்டின் இறுதிக்குள் பெரிதும் வீழ்ந்தது. அதே வேளையில் யுனைட்டெட் ஆப்பிரிக்கா கம்பெனி, கேட்பரி முதலிய பெரு நிறுவனங்கள், ஒன்றோடொன்று போட்டியிடாது, முந்திய ஆண்டுகளின் விகிதப்படி சரக்கைத் தம்முட் பங்கிட்டு, ஒத்த விலைக்கே வாங்குவதென்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டமை நவம்பர் மாதத்தில் வெளியாயிற்று. வாங்குவோர் அனைவரும் ஒருவராயினர். விற்போரோ பல இலட்சம். உழவர் தாமும் ஒருவராதலே வழி என்று கண்டனர். கொக்கோவை விற்பதில்லை, ஐரோப்பியச் சரக்குகளை வாங்குவதுமில்லை என்று உறுதி பூண்டனர். இதற்குமுன் 1930-31-இல் ஜான் அயூ என்பார் முன்னின்று நடத்திய அத்தகைய மறுப்பு நிலைபெறாது முடிந்தது. இம்முறை அங்ஙனம் ஆகவில்லை. காரணம் யாதெனின், நாட்டுத் தலைவர்கள் உழவரோடு நின்றமையே. அக்கிம் அபுவாக்குவாவின் பெருந்தலைவர் நானா ஒபோரி அத்தா அவருள் முதன்மையானவர்.

அத்தலைமையின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அக்கான் மக்களின் தலைவர் ஏறியமர்வது பொன்னால் இழைத்த சிங்காதனமன்று. ஒரே மரத்திற் குடைந்த சிறு மணை. மணையே ஆட்சியின் அடையாளம், நிலமும் மணைக்குரியது, அமர்ந்தவர் அதன் காவலர் மாத்திரமே. அரச குடியிற் பிறந்தாருள் ஒருவரை அரசன்னை குறிப்பிட, மூத்தோர் ஆய்ந்து மணையேற்றுவர். மூத்தோர் அறிவுரையைத் தலைவர் புறக்கணிப்பின், ஏற்றியவரே அவரை மணையினின்று இறக்குவர். அங்ஙனம் இறக்கப்பட்டோர் வரலாற்றிற் பலர். ஆகவே தலைவர் உழவர் பக்கம் நின்றது வள்ளன்மையால் மட்டும் அன்று என்று யாம் கருதுகின்றோம். அவருட் பலர் தாமும் கொக்கோத் தோட்டம் உடையவர். மக்கள் சினந்தால் மணை இழப்பவர். ஒரு தலைவன் நன்னெறி நிற்றற்கு அவன் உள்ளத்தூய்மை ஒன்றையே நம்பியிராத இம்மரபு எம்மை மிகவும் ஈர்த்தது.

தலைவர் ஊர்தோறும் மணியறைவித்தனர். விற்போர்க்குத் தண்டம் விதித்தனர். தரகர் பலரும் லாரி ஓட்டுநரும் உடன் சேர்ந்தனர். சில இடங்களிற் கொக்கோ எரியூட்டப்பட்டது. கடைகள் வெறிச்சோடின. 1938 ஏப்ரல்வரை ஏறத்தாழ ஐந்து மாதம் இது நீடித்தது. சேமிப்புடைய உழவர் தாங்கினர். ஏழை உழவர் வீட்டில் விற்கவியலாத மூட்டை ஒருபுறமும் வெறும் பானை ஒருபுறமும் இருந்திருக்கும். விற்கத் துணிந்தவன்மேல் விழுந்த தண்டமும் ஒருவகைக் கொடுமையே. ஒற்றுமை என்பது எங்கும் முழுமனத்தோடு விளைவதில்லை. ஆங்கில அரசினர் நோவெல் என்பார் தலைமையில் ஆராய்ச்சிக் குழுவொன்றை அனுப்பினர், உடன்படிக்கை நிறுத்திவைக்கப்பட்டது, விற்பனை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த அறிக்கை, கம்பெனிகளின் உடன்படிக்கையையும் தரகுமுறையின் சீர்கேடுகளையும் கண்டித்து, உழவர் அனைவரையும் உட்கொண்ட ஒரு சங்கத்தின் வாயிலாகவே கொக்கோ விற்கப்படுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அச்சங்கம் தோன்றவில்லை. 1939-இற் போர் வந்தது. அரசினரே கொக்கோ முழுவதையும் வாங்கலாயினர். போர் முடிந்தபின் அவ்வழக்கமே நிலைத்து, 1947-இற் கொக்கோ விற்பனை வாரியம் பிறந்தது. உலக விலை உயரும்போது ஒரு பகுதியைச் சேமித்து, வீழும்போது அதனைக்கொண்டு உழவனைத் தாங்குவதே வாரியத்தின் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் சேமிப்புப் பெட்டி பெருகப் பெருக, அதன்மேற் பிறர் கண் விழுந்தது. 1954-இல் உவாமே இங்குருமாவின் அமைச்சரவை தலைச்சுமைக்கு 72 ஷில்லிங்கு என்று நான்காண்டிற்கு விலை வரையறுத்தது. ஒரு டன் என்பது முப்பத்தேழு சுமைக்குச் சிறிது மிகுதி. ஆகவே டன்னுக்கு உழவன் பெற்றது ஏறத்தாழ 134 பவுன். அவ்வாண்டு உலகச் சந்தையில் டன் 400 பவுனுக்கு மேல் விற்றது. அசாந்தி நாட்டு உழவர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு செப்டம்பரிற் குமாசியில் ஒரு புதிய அரசியற் கட்சியே இதனாற் பிறந்தது. மறுபுறமும் கூறுதல் முறையாகும். கொக்கோப் பணத்தால் அந்நாட்டிற் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் எழுந்தன. 1948-இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரிக்கும் அப்பணம் உதவிற்று. அங்குப் பயின்ற மாணவர், தாம் அமர்ந்த பலகையின் விலையை எழுத்தறியாத உழவர் ஒருவர் தந்தார் என்று அறிந்திருந்தனரோ, அறியோம். நம் கல்லூரிப் பலகைகளையும் யாரோ தந்திருப்பர்.

1961-இல் உள்நாட்டுக் கொள்முதல் முழுவதும் ஆளுங்கட்சியைச் சார்ந்த உழவர் மன்றம் ஒன்றிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஏற்கனவே இயங்கிவந்த கூட்டுறவுச் சங்கங்கள் அதனுள் அமிழ்ந்தன. பெயரளவில் உழவர் மன்றம். அதன் அலுவலரை அமர்த்தியவர் உழவர் அல்லர். 1966-இல் ஆட்சி கவிழ்ந்தபின் நடந்த விசாரணையில் உழவர் வந்து கூறிய குறைகளுள் முதன்மையானது பழைய குறையே, அஃதாவது எடையிற் களவு. தரகன் போய் மன்றம் வந்தது. பெருவிரல் தராசின் முள்ளினின்று நீங்கவில்லை. 1970-களில் விலை மேலும் மெலிந்தது. அயல்நாடாகிய ஐவரி கோஸ்டில் மிகுதியாகக் கிடைத்தமையின் மூட்டைகள் இரவில் எல்லை கடந்தன. உழவர் மரங்களைக் கவனியாது விட்டனர். 1983-இன் வறட்சியும் காட்டுத்தீயும் எஞ்சியவற்றை அழித்தன. 1964-65-இல் ஐந்தரை இலட்சம் டன்னைக் கடந்த விளைவு, 1983-84-இல் ஒன்றரை இலட்சத்தைச் சிறிதே விஞ்சியது.

1992-93-இல் அரசினர் உள்நாட்டுக் கொள்முதலில் உரிமம் பெற்ற பிறரையும் அனுமதித்தனர். ஏற்றுமதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். வாரியத்தில் உழவர் பேராளராய் இருந்த நானா பிரிம்போங் அபிரபிரசே என்பார், உழவரே ஓர் உரிமம் பெற்றால் என்ன என்று எண்ணினார். இங்கிலாந்திலிருந்தும் ஆலந்திலிருந்தும் இரு தொண்டு அமைப்புக்கள் கடனும் துணையும் தந்தன. 1993-இற் குமாசியைத் தலைமையிடமாகக்கொண்டு 'குவாப்பா கொக்கோ' தோன்றிற்று. டுவி மொழியில் நல்ல கொக்கோ உழவர் என்பது அதன் பொருள். 'பா பா பா' என்பது அதன் முழக்கம். நல்லவற்றுள்ளும் நல்லது என்று கொள்க.

இதன் அமைப்பில் எம் கருத்தைக் கவர்ந்தது உச்சியிலுள்ள நிருவாக சபையன்று, கிராமத்தில் உள்ள ஓர் எளிய மனிதர். ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் உறுப்பினருள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நிறுத்து எழுதி வாங்கும் வேலையை ஒப்புவிக்கின்றது. நம் ஊர் வழக்கிற் கூறின் கணக்கப்பிள்ளை. அவர் வெளியூரிலிருந்து அமர்த்தப்பட்டவர் அல்லர். அவர் தோட்டமும் பக்கத்திலேயே உள்ளது. அவர் வீட்டுப் பிள்ளைகள் பிறர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுவர். உழவர் தம் மூட்டையைத் தாமே தராசில் ஏற்றி எடையைத் தாமே பார்க்கலாம். கணக்கப்பிள்ளைக்குக் கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று கொள்முதல் நிறுவனம் தருகின்றது. ஆனால் அவரை வேலையில் வைப்பதும் நீக்குவதும் ஊரார் கூட்டம். மணையேற்றியவரே இறக்கலாம் என்னும் பழைய அக்கான் நெறி தராசிற்கும் வந்தது என்றே யாம் இதனைப் படித்தோம். ஊர்ச் சங்கங்கள் வட்டாரத்திற்கும், வட்டாரங்கள் நாட்டு அவைக்கும் பேராளரை அனுப்புவன. பெண்களுக்கும் குழுக்களில் இடம் வகுக்கப்பட்டது; 2010-இற் கிறிஸ்டியானா ஓஹெனே அஜ்யாரே என்னும் அம்மையார் அச்சங்கத்தின் முதற் பெண் தலைவரானார்.

கொட்டை விற்பதோடு அவர் நிற்கவில்லை. 1998-இல் இலண்டனிற் 'டிவைன்' என்னும் பெயருடைய சாக்கலேட்டை விற்கும் நிறுவனமொன்று தொடங்கப்பெற்றபோது, அதிற் குவாப்பா உழவர் பங்காளராயினர். 2006-இல் வேறொரு பங்காளர் தம் பங்கை அவர்க்கே நன்கொடையாக அளிக்க, உழவர் பங்கு நூற்றுக்கு 45 ஆயிற்று. கொக்கோ விளைப்போர் சாக்கலேட்டுக் கம்பெனியின் நிருவாக சபையில் உடைமையாளராய் அமர்ந்தனர்; இது புதுமை.

குறைகளும் உள. 2009-ஐ ஒட்டி நடந்த சோதனையிற் சில ஊர்களிற் சிறுவரை வேலையில் ஈடுபடுத்தினமை வெளியாயிற்று. அவ்வூர்ச் சங்கங்களைக் குவாப்பா தானே தற்காலிகமாக விலக்கி வைத்தது. தன் உறுப்பினரின் கொக்கோவைத் தானே வாங்க மறுப்பது ஒரு சங்கத்திற்கு எளிய செயலன்று. ஆயினும் வெளியார் சோதித்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2020-இல் டிவைன் நிறுவனத்தின் பெரும்பங்கை ஜெர்மானியச் சாக்கலேட்டு ஆலை ஒன்று வாங்கிற்று. உழவர் பங்கு சுருங்கிற்று.

நண்பரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றார், பெற்றவர், "எடையை உழவர் பார்க்கின்றனர், சரி, விலையை யார் பார்க்கின்றனர்?" என்று கேட்டார். யாம் உடனே விடை கூறவில்லை. கானாவில் உழவர்க்குரிய விலையை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அரசினரே அறிவிப்பர். குவாப்பாவும் பிறரும் அவ்விலைக்குக் குறையாது வாங்குதல் வேண்டும். 2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைவு குன்ற, உலகச் சந்தையிற் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தது. முன்னர் எக்காலத்தும் காணாத விலை. வாரியமோ பெரும்பகுதியைக் குறைந்த விலைக்கு முன்னரே விற்றிருந்தது. 1970-களிற்போல மூட்டைகள் மீண்டும் இரவில் எல்லை கடந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் அரசினர் விலையை டன்னுக்கு 48,000 சீடியாக உயர்த்தினர். அஃது அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 3,000 டாலர். பதினாறு மூட்டை கொண்டது ஒரு டன் ஆதலின், மூட்டைக்கு 3,000 சீடி.